ஐஸில் வந்த திசுவும் பதிவேட்டில் ஒரு சொல்லும்

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. முப்பத்திரண்டு வருடம் திசு ஆய்வகத்தில் நின்றே வேலை பார்த்த கால்கள் இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க மறுக்கின்றன. மூக்கு எனக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டது. ஃபார்மலின் நெடியிலேயே கிடந்ததில் வாசனை பிடிக்கும் சக்தி போய்விட்டது. குழம்பு அடிப்பிடித்தால் எதிர்வீட்டுக்காரி வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

போன மாதம் முத்துச்செல்வி ஃபோன் செய்தாள். என்னிடம் வேலை பழகியவள், இப்போது அதே லேபில் மூத்த டெக்னீஷியன். திசுவுக்கு நிறம் ஏற்றும், அதாவது ஸ்டெயின் போடும் வேலையை முழுக்கத் தானே செய்கிற இயந்திரம் வந்து இறங்கியிருக்கிறதாம். ஸ்லைடை உள்ளே தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகலாமாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காகக் கையால் செய்த காலத்தைப் பற்றி நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றாள். கூடவே ஒரு வாட்ஸ்அப் செய்தியையும் அனுப்பியிருந்தாள். வெயிலில் நின்றால் வைட்டமின் டி ஊறும், வைட்டமின் டி ஊறினால் மார்பகப் புற்றுநோய் ஓடிவிடும் என்று பூப்படம் போட்டு எழுதியிருந்தது. "அந்த வைட்டமின் டி ஸ்டெயினெல்லாம் போட்டவுக நீங்கதான, இது நெசமாக்கா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. தூத்துக்குடியில் வெயிலுக்கா பஞ்சம்? உப்பளத்தில் நாள் முழுக்க வெந்த பெண்களின் கட்டிகளையும் இதே கையால்தான் அறுத்திருக்கிறேன். வெயில் மட்டும் போதுமென்றால் அவர்களில் ஒருத்தியும் எங்கள் வாசல்படி ஏறியிருக்க வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, அந்த ஸ்டெயின் விஷயத்தில் நான் எழுதவேண்டியது ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. வைட்டமின் டி புற்றுநோயைக் குணப்படுத்துமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஸ்டெயின் என் தப்பைக் காட்டிக்கொடுத்தது. அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் படித்தது பெரிய படிப்பில்லை. அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்தார். பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் இரண்டு வருட டிப்ளமோ, பிறகு ஊரிலேயே ஒரு தனியார் லேபில் சம்பளமில்லாமல் ஆறு மாதம். ரத்தம், சிறுநீர் என்று எல்லாரும் போகிற பக்கம் இடம் இல்லை. திசுப் பிரிவுக்கு நெடிக்குப் பயந்து யாரும் வரவில்லை, அதனால் என்னை அங்கே தள்ளினார்கள். அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை.

அந்தப் பிரிவின் தலைவர் டாக்டர் நெல்லையப்பன். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டுவதாக இருந்தால் சரியில்லாத ஸ்லைடை எடுத்துத் தனியாக ஒரு தட்டில் வைப்பார். காலையில் வந்ததும் அந்தத் தட்டில் எத்தனை ஸ்லைடு இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் போகும். ஒன்றுகூட இல்லாத நாளில் சோறு இறங்கும். அவருடைய மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு தலை உண்டு, எதிரும் புதிருமாக இரண்டு பேர் ஒரே ஸ்லைடைப் பார்க்கலாம். எதிரே என்னை உட்கார வைத்துவிட்டு, தான் பார்த்ததைச் சொல்லாமல், "நீ என்ன பாக்க?" என்பார். டாக்டருக்குப் படித்தவர் டெக்னீஷியனிடம் கேட்கிறாரே என்று முதலில் பெருமையாக இருந்தது. எனக்குத் தெரிகிறதா என்று சோதிக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அறுத்தெடுத்த கட்டி, திசுவைக் கெடாமல் நிறுத்தும் ஃபார்மலினில் ஊறி வரும். அதைத் துண்டு போட்டு, நீரை வெளியேற்றி, மெழுகில் பதித்து, தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கட்டியாக்குவோம். அதற்கு ப்ளாக் என்று பெயர். ப்ளாக்கை மைக்ரோடோம் என்ற வெட்டு இயந்திரத்தில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல் நாடா மாதிரி இறங்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கமில்லாமல் ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். ஃபேன் ஓடக்கூடாது, தும்மக்கூடாது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் இல்லாமல் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

மார்பகக் கட்டி என்றால் அதற்குமேல் மூன்று ஸ்டெயின் உண்டு. செல்லில் ஹார்மோன் வந்து பிடித்துக்கொள்ளும் இடங்களான ஏற்பிகள் இரண்டு, ஹெர்-டூ என்ற புரதம் ஒன்று. ஸ்லைடைச் சமையல் குக்கரில் வைத்து மருந்துநீரில் அவிப்போம். கேலி செய்யாதீர்கள், வீட்டில் பருப்பு வேகவைக்கிற அதே குக்கர்தான். ஆறியபின் மருந்தை ஒரு சொட்டு விட்டு, ஈரத்துணி விரித்த பெட்டியில் மூடி வைக்க வேண்டும். கடைசியில் நிறம் ஏற்றினால், ஏற்பி இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். இல்லாத இடம் நீலமாகவே நிற்கும். ஹார்மோன் ஏற்பி பழுப்பாக வந்தால் அந்தப் பெண்ணுக்கு ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை கொடுக்கலாம், நோய் திரும்புவதை அது பெருமளவு தடுக்கும். மூன்றுமே நீலமாக நின்றால் அது வேகமாகப் பரவுகிற வகை. கீமோ மட்டும்தான், அதற்குப் பிறகு கொடுக்க மாத்திரை கிடையாது.

டாக்டருக்கு இதில் ஒரு பிடிவாதம் இருந்தது. பழுப்பாக வந்தால் உடனே கையெழுத்துப் போடுவார். நீலமாக நின்றால் போடமாட்டார். ஸ்லைடின் ஓரத்தில் நாங்கள் ஒட்டும் வேறொருவரின் நல்ல திசுத் துண்டு பழுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். அது மருந்து வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. பிறகு அதே பெண்ணின் கட்டிக்கு அருகில் நோயில்லாத பால்குழாய் ஒன்றைத் தேடுவார். அது பழுப்பாக இருந்தால், அவளுடைய திசு உயிரோட்டம் கெடாமல் வந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. "இருக்குன்னு சொல்ல ஒரு சாட்சி போதும். இல்லேன்னு சொல்ல ரெண்டு சாட்சி வேணும்," என்பார். ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அப்படிக் கேட்டும் என் புத்தி எங்கே போயிற்று என்பதுதான் இனி வரும் கதை.

ஆறு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட். மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள் ஊருக்கே விடுமுறை, லேபும் பூட்டு. அதற்கு மறுநாள் காலையில் நான் கதவைத் திறக்கும்போதே படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி. பெயர் சூசை, ஊர் கீழவைப்பார். மீன்பிடித் துறைமுகத்தில் மீனை ஐஸ் அடித்துப் பெட்டி கட்டும் வேலை. மனைவி சகாயராணிக்கு நாற்பத்தொரு வயது, விடுமுறைக்கு முந்தின நாள் மதியம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் மார்பகத்தை எடுத்திருந்தார்கள்.

அங்கே ஃபார்மலின் தீர்ந்து போயிருக்கிறது. நர்ஸ் அறுத்ததை சலைன் தண்ணீரில் போட்டு ஒரு பாட்டிலில் அடைத்து, நேரே லேபில் கொண்டு கொடுங்கள், அவர்கள் மருந்து ஊற்றிக்கொள்வார்கள் என்று அனுப்பியிருக்கிறாள். அவர் வந்து சேர்ந்தபோது நாங்கள் சீக்கிரமே பூட்டிவிட்டுப் போயிருந்தோம். மறுநாளும் திறக்கவில்லை. அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் செய்திருக்கிறார். பாட்டிலைப் பெட்டியில் வைத்து, சுற்றி ஐஸைப் பொடித்து உப்புத் தூவிப் போட்டு, உருக உருக மாற்றி, இரண்டு ராத்திரி காத்திருக்கிறார்.

"கெட்டுப்போவ விடலம்மா. சீலாமீனயே நாலு நாளு அப்புடியே வச்சிருவோம். ஐஸு கொறையவே விடல, பாத்துக்கிடுங்க," என்றார். பெட்டியைத் திறந்து காட்டினார். ஐஸ் உண்மையிலேயே நன்றாக அடிக்கப்பட்டிருந்தது. பாட்டிலின் அடியில் தண்ணீர் உறைந்து, சதை அதில் ஒட்டியிருந்தது.

ஐஸ் திசுவின் உருவத்தை ஓரளவு காப்பாற்றும். உள்ளே இருக்கும் ஏற்பிகளை அது காப்பாற்றாது, உறைந்து உருகினால் இன்னும் மோசம். இது எனக்கு நன்றாகத் தெரியும். அறுத்த ஒரு மணிநேரத்துக்குள் ஃபார்மலினில் போயிருக்க வேண்டியது நாற்பது மணிநேரம் கழித்து வந்து நிற்கிறது. எங்கள் பதிவேட்டில் 'ஃபார்மலினில் இட்ட நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் உண்மையை எழுதினால் டாக்டர் ஆஸ்பத்திரியைக் கூப்பிடுவார், இந்த மனிதரையும் கூப்பிட்டு விசாரிப்பார். விசாரித்து என்ன ஆகப்போகிறது? எடுத்த மார்பகத்தை மறுபடி எடுக்க முடியாது. அந்த ஆள் தாடி வளர்த்து, தூக்கமில்லாத கண்ணோடு, நல்ல காரியம் செய்த முகத்தோடு நிற்கிறார். பின்னால் விடுமுறை கழிந்த கூட்டம் நிற்கிறது. ஆஸ்பத்திரி அனுப்பிய படிவத்தில் 'ஃபார்மலினில் அனுப்பப்பட்டது' என்று அச்சடித்த வரிக்கு நேரே நர்ஸ் டிக் போட்டிருந்தாள். நான் அதைப் பார்த்துப் பதிவேட்டில் 'உடனே' என்று எழுதினேன். அவரிடம், "சரி, நீங்க போங்க, நாங்க பாத்துக்கிடுதோம்," என்றேன்.

இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். சோம்பல் என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்ததுதான். அந்தக் கட்டத்தில் 'உடனே' என்று எழுதுவது எங்களுக்குக் கைப்பழக்கமாகியிருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

மூன்று ஸ்டெயினும் நீலமாக நின்றன. ஓரத்துச் சாட்சித் திசு அழகாகப் பழுப்பாகியிருந்தது. நான் வெட்டிய ப்ளாக் கட்டியின் நடுப்பகுதி, அதில் நல்ல பால்குழாய் ஒன்றும் அகப்படவில்லை. டாக்டர் வெகுநேரம் தேடினார். பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அந்தக் கட்டத்தைப் பார்த்தார். "உடனே போட்டிருக்காங்க. அப்ப சரி," என்று கையெழுத்துப் போட்டார். அவர் இரண்டாவது சாட்சிக்குப் பதிலாக என் எழுத்தை ஏற்றுக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்துதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. சகாயராணி மூன்றும் இல்லாத வகை என்று அறிக்கை போயிற்று. திருநெல்வேலியில் கீமோ கொடுத்தார்கள், மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் டாக்டருக்கு ஒரு ஆசை வந்தது. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. இத்தனை வெயில் காய்கிற ஊரில் எத்தனையோ பெண்களுக்கு ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக வருகிறதே, இந்த மூன்றும் இல்லாத முரட்டுக் கட்டிகளில் வைட்டமின் டி-யின் ஏற்பியாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க நினைத்தார். உட்கருவில் வைட்டமின் டி வந்து உட்காருவதற்கு ஒரு நாற்காலி உண்டு, அதுதான் அந்த ஏற்பி. ஆள் வந்தாலும் நாற்காலி இல்லாவிட்டால் வேலை நடக்காது. நல்ல பால்குழாயில் அந்த நாற்காலி உண்டு. கட்டியில் உண்டா, மங்கலா, அறவே இல்லையா? தெரிந்தால் பின்னால் யாருக்காவது உதவும் என்றார். யாரும் கேட்காத வேலை. தன் கைக்காசைப் போட்டு அந்த ஸ்டெயினுக்கான மருந்தை வாங்கினார்.

அலமாரியிலிருந்து பழைய ப்ளாக்குகளை எடுக்கச் சொன்னார். கட்டியும் நல்ல பால்குழாயும் அருகருகே இருக்கும் ஓரப்பகுதி ப்ளாக்காகப் பார்த்து எடுக்கச் சொன்னார், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா. நான் வரிசையாக எடுத்து வெட்டினேன். அதில் சகாயராணியின் ப்ளாக்கும் இருந்தது. எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஐஸ்பெட்டி ஞாபகம் வந்தது. ஒதுக்கி வைத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் பட்டியல் அவர் கையில் இருந்தது.

மற்ற ஸ்லைடுகளில் பால்குழாய்கள் எல்லாம் பழுப்பாகத் தெரிந்தன. கட்டிகள் சிலவற்றில் நல்ல பழுப்பு, சிலவற்றில் மங்கல், சிலவற்றில் ஒன்றுமில்லை. டாக்டர் உற்சாகமாகக் குறித்துக்கொண்டே வந்தார். சகாயராணியின் ஸ்லைடு வந்தது. கட்டி நீலம். பக்கத்திலிருந்த பால்குழாயும் நீலம். தோலும் நீலம். அந்த மருந்து எங்கே தவறாமல் பிடிக்குமோ அங்கேயும் நீலம்.

"நீ என்ன பாக்க, ரோஸ்லின்?" என்றார்.

"ஒண்ணும் பிடிக்கல சார்," என்றேன்.

ஸ்டெயின் தவறியிருக்கும், மறுபடி போடு என்றார். போட்டேன். அதே நீலம். புது மருந்து திறந்து போடச் சொன்னார். அதே நீலம். எந்த உடம்புத் திசுவிலும் பிடித்தே ஆகவேண்டிய வேறொரு ஸ்டெயின் உண்டு, அதையும் போடச் சொன்னார். அதுவும் பிடிக்கவில்லை. டாக்டர் மறுபடி பதிவேட்டை எடுத்தார். 'உடனே' என்ற என் எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். திசு சரியாகத்தான் வந்திருக்கிறது, அப்படியானால் நம் கைதான் எங்கேயோ தவறுகிறது, நாளைக்கு முதலிலிருந்து பார்ப்போம் என்றார். அன்றைக்குத் தனித்தட்டில் எந்த ஸ்லைடையும் வைக்கவில்லை. வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் எத்தனை நாள் மறைக்க முடியும்? வைட்டமின் டி ஏற்பி இல்லாமல் போனால் போகட்டும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தத் திசுவில் எதுவுமே பிடிக்கவில்லை என்றால், போன வருடம் ஹார்மோன் ஏற்பி இல்லை என்று நாங்கள் சொன்னதும் செல்லாது. அவளுக்கு அது இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவள் ஒரு வருடமாகச் சாப்பிட்டிருக்க வேண்டிய மாத்திரையை நான் பறித்திருக்கிறேன். இந்தக் கணக்கைப் போட எனக்கு டாக்டர் படிப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் அவர் வந்து உட்காருவதற்கு முன்பே போய் நின்றேன். பெட்டி, ஐஸ், சலைன், நான் எழுதிய சொல், எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "ஐஸுன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன், ரோஸ்லின்," என்றார். அந்தக் குரல் இன்றைக்கும் என்னைவிட்டுப் போகவில்லை.

உடனே படிவத்தை எடுத்துப் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன் திருநெல்வேலியில் ஊசி போட்டுக் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்திருந்தார்கள். புற்றுநோயா இல்லையா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள், ஏற்பி பார்க்கவில்லை. அந்தத் துண்டு நேராக ஃபார்மலினில் போயிருக்கும். அந்த லேபுக்கு ஃபோன் போட்டுக் கேட்டதில், ப்ளாக்கை நோயாளியிடமே கொடுத்து அனுப்பிவிட்டோம் என்றார்கள். படிவத்திலிருந்த சூசையின் நம்பர் எடுக்கவில்லை. யாராவது நேரில் போய் வாங்கிவர வேண்டும். டாக்டர் ஒரு கடிதம் எழுதி என் கையில் கொடுத்தார். அதில், திசு சரியாகப் பதப்படாததால் மறுபரிசோதனை தேவை என்று மட்டும் இருந்தது. மீதியை எப்படிச் சொல்வது என்பதை என்னிடம் விட்டுவிட்டார்.

கீழவைப்பார் வழியாகப் போகும் வேம்பார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுக உப்பளம், கண்ணைக் கூசியது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பொய் எழுதியதால்தான் இவ்வளவும் வந்தது, இனியும் ஒளிக்கக்கூடாது என்று எனக்கு நானே பெரிய நீதி பேசிக்கொண்டேன்.

சகாயராணி வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கீமோவில் கொட்டிய முடி காதுவரை வளர்ந்திருந்தது. லேபிலிருந்து என்றதும் முகம் செத்துவிட்டது. பயப்படாதே, வேறு விஷயம் என்று சொல்லி உள்ளே போனேன். சூசை வீட்டில்தான் இருந்தார், படகுகள் கடலுக்குப் போகக்கூடாதென்று தடை போட்ட நாட்கள் அவை, துறைமுகத்தில் ஐஸ் வேலை இல்லை. என்னை அடையாளம் தெரிந்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். குசினியிலிருந்து அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். ப்ளாக் வேண்டும் என்றதும் பீரோவுக்குள் சேலைக்கு அடியிலிருந்து லேஞ்சி என்று எங்கள் பக்கம் சொல்லும் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்துத் தந்தார். "மெழுகுல்லா, வெயிலுக்கு உருகிராம ஐஸ்ல வைக்கவான்னு கேட்டேன். இவ வேண்டாம்னுட்டா," என்று சிரித்தார்.

நான் சொன்னேன். இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். ஐஸில் வைத்ததால் திசு உள்ளுக்குள் கெட்டுப்போனது, அதை நான் எழுதாமல் மறைத்ததால் டாக்டருக்குத் தெரியாமல் போனது, ஒரு மாத்திரை கிடைத்திருக்கலாம், கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியின் தவறு, நான் செய்த பெரிய தவறு, உங்கள் மேல் தவறில்லை என்று சூசையிடம் மூன்று தடவை சொன்னேன். அவர் காதில் ஐஸ் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்ப வரவே இல்லை.

பஸ் நிறுத்தம் வரை சகாயராணி கூட வந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகவும் இருந்தேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் பேசினாள்.

"மாத்திர விசயத்த எங்கிட்ட சொன்னீய, அது சரி. ஐஸ ஏங்க்கா அவுக முன்னால சொன்னீய? எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்லா. நான் எனக்குள்ளயே வச்சிருந்திருப்பேன். உங்க பாரத்த எறக்கி அவுக தலையில வச்சிட்டுப் போறீய."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். லேஞ்சியோடு அந்த ப்ளாக்கை மடியில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி வரை அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் டிக்கெட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அந்தச் சிறு துண்டில் ஹார்மோன் ஏற்பி நல்ல பழுப்பாக வந்தது. நானே வெட்டி, நானே குக்கரில் வைத்து, நானே மருந்து விட்டேன். டாக்டர் எதிரே உட்கார வைத்து வழக்கம்போல் கேட்டார். "இருக்கு சார்," என்றேன். திருத்திய அறிக்கையில் பழைய அறிக்கை தவறு என்றும், பதிவேட்டை மட்டும் நம்பிக் கையெழுத்திட்டது தன் பிழை என்றும் தன் பெயர் போட்டு எழுதினார். என் பெயரை எழுதவில்லை. எழுதுங்கள் சார் என்று சொன்னேன், கேட்காத மாதிரி இருந்துவிட்டார். அந்த வாரமே திருநெல்வேலியில் அவளுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு வருடம் தாமதம். அந்த ஒரு வருடம் என்ன செய்யும், செய்யாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அதன்பிறகு லேபில் சில வழக்கங்கள் மாறின. அந்தக் கட்டத்தில் 'உடனே' என்று எழுதக்கூடாது, மணியைத்தான் எழுத வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத வேண்டும். விடுமுறை நாளிலும் ஒருவர் வந்து ஃபார்மலின் ஊற்ற வேண்டும். திருவிழாவுக்கு நான்தான் முறை வாங்கிக்கொள்வேன். வாசலில், 'அறுவைசிகிச்சைத் திசுவை ஐஸில் வைக்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டினோம். 'இது மீன் அல்ல' என்று கீழே ஒரு வரி சேர்க்கலாம் என்று ரத்தப் பிரிவு ஆட்கள் சொன்னார்கள். கரையோரத்துக்காரர்களைக் கேலி செய்வதாகிவிடும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். நானும் அந்தக் கரைக்காரிதான், எனக்கும் சிரிப்பு வரவில்லை.

வைட்டமின் டி ஏற்பி வேலை அப்படியே நின்றுபோனது. டாக்டர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார், இரண்டு வருடத்தில் காலமானார். அவர் குறித்துவைத்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது, கொஞ்சம் ஸ்லைடுகள், அவ்வளவுதான். ஆகவே முத்துச்செல்வி, வாட்ஸ்அப்காரனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. புது இயந்திரம் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் அதற்குள் போவதற்கு முன் அந்தத் திசு எங்கே இருந்தது, எத்தனை மணிக்கு மருந்தில் விழுந்தது என்பதை இயந்திரம் யாரிடமும் கேட்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால் வரும் பதிலை அப்படியே எழுத வேண்டும். இரக்கப்பட்டு மாற்றி எழுதாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சகாயராணி நன்றாக இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வருவாள். நான் லேபில் இருந்தவரை வந்து பார்த்துவிட்டுப் போவாள். சூசை கூட வருவார், வாசலோடு நின்றுவிடுவார், உள்ளே வரமாட்டார். ஐஸ் அடிக்கும் வேலையை அந்த வருடமே விட்டுவிட்டு வலை பின்னும் வேலைக்குப் போய்விட்டார், அதில் வருமானம் குறைவு. அதைப்பற்றி நான் அவளிடம் கேட்டதில்லை. அன்று பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்ட கேள்வி எங்களுக்கு நடுவில் அப்படியே கிடந்தது. நான் சொன்னது சரியா, பாதியை விழுங்கியிருக்க வேண்டுமா என்று இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. யோசிக்கவும் இப்போது தெம்பில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது மனசு கேட்காமல் அவளுக்கு ஃபோன் செய்தேன். ஐந்து வருடமும் முடிந்து மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றாள். கீழவைப்பார்க் காற்று ஃபோனில் இரைந்தது. சந்தோஷம் என்றேன். சூசை எப்படி இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கேட்டேன்.

"அஞ்சு வருசமும் அவுக கையாலதாங்க்கா மாத்திரைய எடுத்துத் தந்தாக. ஒருநா என்னைய எடுக்க விட்டதில்ல. கால எட்டு மணின்னா தண்ணியும் மாத்திரையுமா வந்து நிப்பாக. இப்ப மாத்திர முடிஞ்சி நாலு மாசம் ஆச்சு. இன்னமும் எட்டு மணிக்குத் தண்ணிய மட்டும் கொண்டாந்துக்கிட்டு நிக்காக. நானும் ஒண்ணும் சொல்லுததில்ல. வாங்கிக் குடிச்சிருதேன்."